மறக்களத்துக் கண்ணோட்டம்

வீரத்தை வெற்றியால் அளப்பது உலக வழக்கு. எத்துணைப் பேரை வென்றான், எவ்வளவு விரைவில் வென்றான் என்று வினவுவோர் பலர். எவ்விடத்தில் நிறுத்தினான் என்று வினவுவோர் சிலர். அடிக்க ஓங்கிய கையை, எதிரி அடி தாங்கும் நிலையை இழந்துவிட்டான் எனக் கண்டவுடன் மீள வாங்குதல், அடித்தலினும் அரியது. அதற்கு உடல் வலியோடு உள்ளத்து வலியும் வேண்டும். தோற்றார்மேல் இரங்குதல் நன்று என்று சொல்லி அமைதல் எளிது. அவ்விரக்கம் எப்பொழுது அறமாகும், எப்பொழுது இழிவுபடுத்தலாகும் என்று பகுத்தறிதல் எளிதன்று. தமிழ்ப் புலவர்கள் இப்பகுப்பை எங்ஙனம் செய்தனர் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

மற்போரைப் பாடிய மிகப் பழைய தமிழ்ப் பாடல்களுள் சாத்தந்தையார் பாடியன சிறந்தவை. சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்ற செய்தி புறநானூற்றின் 80ஆம் பாடலில் உள்ளது. ஒரு முழந்தாள் மல்லனின் மார்பில் ஊன்றி நிற்கின்றது. மற்றைக் கால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுக்கின்றது. தன்னோடு மாறுபட்டிருந்த தந்தை தித்தன், விரும்பினும் வெறுப்பினும், இக்காட்சியைக் காணல் வேண்டும் எனப் புலவர் அவாவுகின்றார். போரை நேரிற் கண்டாற்போலப் பாடியவர், தோற்ற மல்லனைப் பற்றி இரங்கி ஒரு சொல்லும் கூறினாரல்லர். அவன் பெயரும் நமக்குக் கிடைத்திலது; ஆமூரான் என்ற அளவில் நின்றுவிட்டான். மார்பில் முழந்தாள் ஊன்றப்பட்ட அந்த மனிதன் பின் எழுந்தானோ இல்லையோ என்பது பாட்டின் எல்லைக்கு அப்பாற்பட்டதாயிற்று. இது சாத்தந்தையார்மேற் குற்றமன்று. வென்றவனைப் பாடப் புகுந்தவர் வென்றவனைப் பாடினார். எனினும் தோற்றவனைக் காணாத கண் முழுக்கண் ஆகாது என்பதை அதே தொகை நூல் பிறிதோரிடத்திற் காட்டுகின்றது.

வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகிற் புண்பட்டான். அதற்கு நாணி வடக்கிருந்தான். கழாத்தலையார் அவன்பொருட்டு வருந்திப் பாடினார். வெண்ணிக் குயத்தியாரோ அதனினும் அரியதொன்றைச் செய்தார். வெற்றிக் களிப்பில் இருந்த கரிகாலனையே முன்னிலைப்படுத்தி, நின்னிலும் அவன் நல்லனல்லனோ என்ற கருத்தமைய 66ஆம் பாடலைப் பாடினார். அவன் குலப்பெருமையையும் கடல்வலியையும் முதலிற் கூறி, பின்னரே தோற்றோனை உயர்த்தினார். வென்றவனைக் குறைக்காது தோற்றவனை நிமிர்த்திய இத்திறம் வியக்கத்தக்கது. ஆயினும் இக்கண்ணோட்டம் களத்திற்கு வெளியே நின்ற புலவருடையது. வேலேந்திய கையிலேயே அது தோன்றுமோ?

தோன்றும் என்பதற்குத் தழிஞ்சி என்னும் துறை சான்று. புறமுதுகிட்டு ஓடுவார்மேற் படைக்கலம் ஓச்சாத மறப்பண்பை ஐயனாரிதனார் தம் புறப்பொருள் வெண்பாமாலையில் இத்துறையாக வகுத்தார். ஓடுவோனை விடுதலை அருளின் பகுதியாக வையாது, மறத்தின் மிகுதியாகவே அவர் வைத்தமை நுனித்து நோக்கத்தக்கது. வீரம் குறைந்த இடத்தில் அருள் வந்து புகுவதன்று. வீரம் நிறைந்த இடத்தில் அருள் தானே பிறக்கின்றது.

இதனையே வள்ளுவர் படைச்செருக்கு அதிகாரத்தில் 773ஆம் குறளாகக் கூறுகின்றார். பகைவர்மேற் கண்ணோடாத மறம் ஆண்மை. அப்பகைவர்க்கு ஒரு தாழ்வு வந்தவிடத்து உதவி செய்தல் அவ்வாண்மைக்குக் கூர்மை என்பது அதன் கருத்து. அருள் வாளை மழுக்குவதன்று, தீட்டுவது என்கின்றார் அவர். இதற்கு உரை கூறிய பரிமேலழகர், தன் சேனை முழுதும் அழியத் தனியனாய் அகப்பட்ட இலங்கை வேந்தனை அயோத்தி இறைவன் மேற்சென்று கொல்லாது, மறுநாட் சேனையோடு வருமாறு விடுத்த நிகழ்ச்சியை எடுத்துக்காட்டினார். குறளின் நுண்பொருளை விளக்கத் தமிழர் நன்கறிந்த காட்சி இதுவெனக் கண்ட அவ்வுரையாசிரியரின் தேர்வு போற்றற்பாலது.

அக்காட்சி யுத்தகாண்டத்து முதற்போர் புரி படலத்தின் முடிவில் நிகழ்கின்றது. வான்மீகத்திலும் இராமன் இராவணனைக் கொல்லாது விடுகின்றான். ஆங்கு அவன் கூறும் காரணம் களைப்பு. நீ பெருஞ்செயல் புரிந்தாய், இப்பொழுது இளைத்திருக்கின்றாய், சென்று இளைப்பாறித் தேரும் வில்லும் கொண்டு மீள்க என்கின்றான். கம்பன் காரணத்தை மாற்றினான். கம்பனுடைய இராமன் காண்பது எதிரியின் வெறுங்கையையும் தனிமையையும் ஆகும்.

இராவணன் நின்ற நிலையைக் கம்பன் தீட்டும் முறையிற் பெருந்திறம் காணப்படுகின்றது. முடி இழந்த தலை கவிழ்ந்திருக்கின்றது. கண்கள் தாழ்ந்துள்ளன. முகத்தில் ஒளியில்லை. கால்விரல் நிலத்தைக் கிளைக்கின்றது. இருபது கைகளும் ஆலமரத்து விழுதுகளென வெறுமையாய்த் தொங்குகின்றன. உலகம் முழுவதும், அறத்தைக் கடந்தவர் எய்தும் பயன் இதுவென்று ஆரவாரிக்கின்றது. மலையெடுத்த தோளனை நாணமுற்ற சிறுவன்போல் விரலால் நிலங்கிளைக்க வைத்த கவி, அக்கணமே அவன்மேல் நமக்கு இரக்கம் பிறக்கச் செய்துவிட்டான். ஆரவாரித்த உலகத்தார் பலர். ஆரவாரியாது அவன் நிலையை நோக்கியவன் ஒருவன். களத்தைச் சூழ்ந்து நிற்போர்க்கும் களத்தினுள் நிற்போனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. சூழ நிற்போர் வெற்றியைக் காண்பர். உள்ளே நிற்போன் மனிதனைக் காண்பான்.

இராமன் கூறிய சொற்கள் மெல்லியன அல்ல. பாவி என்கின்றான், இழிதொழிற் கீழோன் என்ற பொருளிலும் விளிக்கின்றான். சீதையை விடுத்து, தம்பியை அரசனாக்கி, அவனுக்கு ஏவல் செய்து வாழ்க என்கின்றான். அது இயலாதெனின் உள்ள வலிமையெல்லாம் திரட்டிக்கொண்டு எதிர்நின்று பொருக. அங்ஙனம் பொருது இறப்பினும் நல்லவனாவாய் என்கின்றான். கடுஞ்சொல்லில் தொடங்கிய பேச்சு முடிவில் 'ஐயா' என்னும் விளியை அடைகின்றது. தீவினைமேற் சொல் கடிதாகவும், வீழ்ந்த நிலைமேற் கை மெலிதாகவும் அமைந்தமை காண்க. குற்றத்தை மறந்து இரங்கினானல்லன். குற்றத்தை எடுத்துரைத்தே இரங்கினான். அவ்விரக்கத்தால் வழங்கப்பட்டதும் வெறும் உயிர்ப்பிச்சையன்று. எதிர்நின்று போர் செய்யும் தகுதியே மீள வழங்கப்பட்டது.

இக்கருத்தை உறுதிப்படுத்துவன அப்பகுதியிலுள்ள இரு சொற்கள். அந்நேரத்தில் இராமனைக் கம்பன் வில்லாளன் எனக் கூறாது 'வள்ளல்' என்றான். அவன் செயலை விடுத்தான் எனக் கூறாது 'நல்கினன்' என்றான். கொடைக்குரிய சொற்கள் போர்க்களத்திற்கு வந்தன. காற்றில் அடிபட்ட பூளைப்பூவென இராவணன் சேனை சிதறியதைக் கூறிய அதே பாட்டில், இளங்கமுகின்மேல் வாளைமீன் தாவும் கோசல நாட்டின் வளமும் வருகின்றது. இவ்வருணனை ஈண்டு எதற்கெனச் சிலர் ஐயுறுவர். ஒருபுறம் கடலும் ஒருபுறம் வாவியும் அணைந்த பெரியகல்லாறு போன்ற ஊர்களில் மீன் துள்ளும் நீரைக் கண்டு வளர்ந்தார்க்கு அவ்வையம் எழாது. நிறைந்த நீரிலேயே மீன் மேலெழும்பும். நிறைவுடைய நாட்டான் ஆதலின் பகைவனுக்கும் ஒரு நாளைக் கொடையாக வழங்க அவனால் இயன்றது.

இங்கு ஒரு தடை எழுகின்றது. படையற்றவனைப் பலர் காண இரங்கி விடுத்தல், கொல்லுதலினும் கொடிய அவமானம் அன்றோ? கம்பன் இத்தடையை உணராதவன் அல்லன். அடுத்த படலத்தின் தொடக்கத்தில் இராவணன் தன் பெருமைகளை ஒவ்வொன்றாகக் களத்தில் இழந்து நகர் புகுவதை அவனே விரித்துரைக்கின்றான். வானோர் நகுவரே, மண்ணோர் நகுவரே என்றுகூட அவ்வரக்கன் அத்துணை வருந்தவில்லை; சானகி நகுவாளே என்று நாணிச் சாம்புகின்றான். அருள் பெற்றவனுக்கு அவ்வருள் சுடும் என்ற உண்மையைக் கம்பன் மறைத்தானல்லன்.

ஆயினும் அந்நாணத்தோடு கதை நின்றுவிடவில்லை. பின்னர் மாலியவானிடம் பேசும் இராவணன், தன்னை வென்றவனின் வில்லாற்றலை வாயாரப் புகழ்கின்றான். அழிவே வந்துற்றபோதிலும் சிறந்த பகைவன் ஒருவனைப் பெற்ற பேறு தனக்குண்டு என்ற கருத்துப்பட உரைக்கின்றான். இழிவுபடுத்தப்பட்டவன் வாயில் இச்சொல் பிறவாது. எள்ளி விடப்பட்டவன் எள்ளியவனை வெறுப்பான். மதித்து விடப்பட்டவனே மதித்தவனை வியப்பான். கண்ணோட்டம் மெய்யோ பொய்யோ என்பதற்குத் தோற்றவன் பின்னர்ப் பேசும் பேச்சே உரைகல்.

மற்றொரு தடை இதனினும் வலியது. வெறுங்கையனைக் கொல்லாத இதே இராமன், வேறொருவனோடு மற்போர் செய்துகொண்டிருந்த வாலியை மறைந்து நின்று எய்தான். இதனை மூடிவைத்து இராமனைப் போற்றுதல் திறனாய்வுக்கு அழகன்று. அம்பு விடப்பட்ட கணத்தை உற்று நோக்குதல் வேண்டும். வலிகுன்றிய சுக்கிரீவனை இடையிலும் கழுத்திலும் பற்றித் தூக்கி நிலத்தில் மோத வாலி முனைந்த வேளையிலேயே அம்பு வந்தது. மெலிந்த தம்பிமேல் அண்ணன் காட்டாத கண்ணோட்டம் அங்கே நினைவிற்கு வருகின்றது. எனினும் அது மறைந்து எய்தமைக்கு முழுவிடை ஆகாது. வாலியின் வினாக்களைக் குறைக்காது விரித்துப் பாடிய கம்பன், மறைந்து நின்றமைக்குரிய விடையை இலக்குவன் வாயில் வைத்தான். இராமன் வாயில் வைத்திலன். அம்மௌனம் கற்பார் நெஞ்சில் நீங்காது நிற்கின்றது. அதனை நினைவிற் கொண்டு இலங்கைக் களத்தைக் காண்பார்க்கு, வெளிப்பட நின்று வில்லைத் தாழ்த்திய இராமனின் செயல் பன்மடங்கு பொருள் பெறும்.

பாரதமும் இவ்வறத்தின் கடுமையை உணர்த்துகின்றது. தேர்ச்சில் மண்ணிற் புதையக் கன்னன் போரறத்தைக் கூறிக் காலம் வேண்டுகின்றான். படையிழந்த அபிமன்னுவைப் பலர் சூழ்ந்து கொன்றபோது அவ்வறம் எங்கே சென்றது எனக் கண்ணன் வினவுகின்றான். பிறர்க்கு வழங்காத அறத்தைத் தனக்குக் கேட்பவன் வெறுங்கையனாகவே நிற்பான். கன்னன்மேல் நம் நெஞ்சு இளகுகின்றது. ஆயினும் வினா விடையின்றி நிற்கின்றது.

பாரதக்கதையை ஏட்டிற் படித்ததோடு அமையாது ஆடியும் கண்டும் வந்தவர் மட்டக்களப்பு மக்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிற் சடங்கிலும், வடமோடிக் கூத்துக்களிலும் அக்கதை வாழ்கின்றது. வட்டக்களரியில் வெல்லப்போகும் வேந்தனுக்கு உள்ளவாறே வீழப்போகும் வேந்தனுக்கும் வரவுண்டு. அவனுக்கும் மத்தளம் முழங்கும். அண்ணாவியார் அவன் பாட்டையும் அதே உரத்தோடு எடுப்பார். சாத்தந்தையார் பாட்டில் மல்லன் பெறாத இடத்தை இக்களரி தோற்போனுக்கு வழங்குகின்றது. பெயரும் பெருமையும் உடையவனாய் ஆடிய பின்னரே அவன் வீழ்கின்றான்.

இப்பகுதியிற் கண்ணகி வழிபாட்டோடு ஒட்டிய கொம்பு முறித்தல் வேறொரு பாடம் கூறும். வடசேரி, தென்சேரி என இரு பகுதியார் வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி இழுப்பர். கொம்பு முறியப்பெற்றவர் தோற்றவர். வென்ற சேரியார் தோற்ற சேரியாரை வசைப்பாட்டுப் பாடி எள்ளுதலும் அவ்விளையாட்டின் ஒரு கூறு. முதல் நோக்கில் இது கண்ணோட்டத்திற்கு மாறாகத் தோன்றும். ஆயின் ஈண்டு முறிவது மரக்கொம்பு, மனிதன் அல்லன். எள்ளப்படுபவரும் தனியொருவர் அல்லர், ஒரு சேரி. உறவினர் நடுவே, தெய்வத்தின்முன் நிகழும் ஆதலின் அவ்வசை விளையாட்டாகின்றது. அதே வசை, தனித்து நின்று அடிபட்ட ஒருவனை நோக்கி எழுமாயின் நஞ்சாகும். வசை தகுமிடமும் தகாவிடமும் அறிதல் விளையாட்டறிவின் முதற்படி.

இக்காலக் குத்துச்சண்டையில் இப்பொறுப்பு நடுவரிடம் விடப்பட்டுள்ளது. வீழ்ந்தவனை அடித்தல் விதிப்படி குற்றம். தாங்கவியலாதவனைக் கண்டு போரை நிறுத்துதல் நடுவரின் கடமை. 1983ஆம் ஆண்டு நவம்பரில் உலகப் பெருவீரன் லாறி ஹோம்ஸ், முன்னாட் பெருவீரன் ஜோ பிரேசியரின் மகனும் அனுபவம் குறைந்தவனுமாகிய மார்விஸ் பிரேசியரோடு பொருதான். முதற்சுற்றிலேயே இளையவன் கயிற்றோரத்தில் ஒடுங்கினான். ஹோம்ஸ் அவனை அடித்துக்கொண்டே, போரை நிறுத்துமாறு நடுவரை நோக்கிச் சைகை செய்தான். நடுவர் அச்சுற்று முடியுமுன் நிறுத்தினார். உள்ளம் இரங்கியது, கையோ விதி வரும்வரை நிற்கவில்லை. அவனைக் குறைகூறுவது எளிதன்று. தானே நிறுத்தும் உரிமையை அவ்விளையாட்டு அவனுக்கு வழங்கவில்லை. ஆயினும் இக்காட்சியைக் கம்பன் காட்சியோடு ஒப்பிடின் ஓருண்மை விளங்கும். இலங்கைக் களத்தில் நடுவர் இலர். வில்லேந்தியவனே நடுவனாகவும் நின்றான். விதி கையை நிறுத்துவது நாகரிகம். கை தன்னைத் தானே நிறுத்துவது பண்பு.

கல்லூரிகளின் விளையாட்டுத் திடலில் இப்பண்பு பயிலப்படுதல் வேண்டும். வலிகுறைந்தோனிடம் வேண்டுமென்றே தோற்றுக் காட்டுதல் கண்ணோட்டமன்று. அது அவனை மனிதனென மதியாமை. முழுவலியோடு பொருதலும், அவன் கை வெறுமையானவுடன் தன் கையைத் தாழ்த்தலும், சூழ நிற்போர் ஆரவாரத்தில் தானும் சேராதிருத்தலும், மறுநாள் அவன் நிமிர்ந்து வர இடம்விடுதலும் ஆகிய நான்கும் சேர்ந்ததே கம்பன் காட்டிய நெறி. அந்நெறியில் நின்றானைத் தோற்றவனும் ஒருநாள், சிறந்த பகைவனைப் பெற்றேன் எனக் கூறுவான். வெற்றிக் கிண்ணங்கள் பலவற்றினும் அச்சொல் பெறுதற்கரியது.