பனைமலைப் பார்வதி யாரைப் பார்க்கிறாள்?

செஞ்சி என்றாலே எல்லோருக்கும் கோட்டைதான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பிடித்தது செஞ்சி மட்டும்தான். சந்தோஷமான விஷயம். ஆனால் ராஜகிரி ஏறி இறங்கிவிட்டு அப்படியே ஊர் திரும்புகிறவர்களில் எத்தனை பேர் தெற்கே இருக்கும் பனைமலைக்குப் போகிறார்கள்? ஏரியை ஒட்டி ஒரு சின்னக் குன்று. அதன்மேல் தாளகிரீஸ்வரர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டியது. காஞ்சி கைலாசநாதர் கோயிலையும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலையும் எழுப்பிய அதே ராஜசிம்மன்தான்.

இந்தக் கோயிலில் விமானத்தை ஒட்டிய சிறு சந்நிதி ஒன்றின் உட்சுவரில் ஒரு பார்வதி இருக்கிறாள். பல்லவர் கால ஓவியங்களில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது சொற்பம். அந்தச் சொற்பத்தில் முகமும் உடலும் அடையாளம் தெரிகிற அளவுக்குத் தப்பித்த உருவம் இவள். புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய்தான் இவளை வெளியுலகுக்குக் காட்டினார். தலையில் மகுடம், மேலே குடை, ஒரு காலை ஊன்றி மறுகாலை மடித்து, தலையைச் சற்றே சாய்த்து நிற்கிறாள். அருகே சிவன் ஆடிக்கொண்டிருக்கிறார், அதைப் பார்க்கிறாள். அதாவது ஆடிக்கொண்டிருந்தார். சிவனைத் தீட்டிய பகுதி பெரும்பாலும் உதிர்ந்துபோய்விட்டது. அங்கங்கே சில கோடுகளே மிச்சம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச காலமாக இந்தப் பார்வதியை மாணவர்கள் டிஜிட்டலில் மறுபடி வரைவதைப் பார்த்து வருகிறேன். நுண்கலை மாணவர்கள், விஸ்காம் படிப்பவர்கள், எதுவும் படிக்காமல் போனில் ஐபிஸ் பெயிண்ட் வைத்து விரலாலேயே வரைகிறவர்கள் என்று பல ரகம். பதின்மூன்று நூற்றாண்டுப் பழைய சுவரை இருபது வயசுப் பிள்ளைகள் தேடிப் போகிறார்கள் என்பதே பெரிய விஷயம். அதனால்தான் இவற்றை 'அருமை, சூப்பர்' என்று கடந்துபோகாமல், ஓவியமாக எடுத்துக்கொண்டு பேச வேண்டும் என்று தோன்றியது.

பெரும்பான்மை வேலைகள் ஒரே மாதிரி இருக்கின்றன. விரிசல் கிடையாது. தோல் பளபளவென்று சிவந்த மேனி. மகுடத்தில் தங்க மினுமினுப்பு. கண் இரண்டும் பெரிதாகி, நேராக நம்மைப் பார்க்கின்றன. குடையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னணியில் தாமரை, நிலா, அல்லது ஒரு கோபுரம். கீழே 'மீட்டெடுக்கப்பட்ட பனைமலைப் பார்வதி' என்று ஒரு வரி.

தோல் நிறத்தில் இருந்தே ஆரம்பிக்கலாம். சுவரில் இப்போது தெரிவது மண் நிறங்கள். நிறமிகள் மங்கும், புகையும் ஈரமும் படியும், சுண்ணாம்புப் பூச்சு உரியும். ஆகவே ஓவியன் தீட்டிய அன்றைக்கு அவள் மேனி என்ன நிறம் என்று இன்றைய சுவரை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நமக்குத் தெரியாத இடத்தில் சிவப்பு மேனியைக் கொண்டுவந்து வைப்பது எது? காலண்டரும் சினிமா போஸ்டரும் ஃபேர்னஸ் கிரீம் விளம்பரமும்தான். மாணவரின் கை தானாக அங்கே போய்விடுகிறது.

அடுத்தது கோடு. சுவரோவியத்தில் தூரிகை அழுந்தும் இடத்தில் கோடு தடிக்கும், விடும் இடத்தில் மெலியும். உடம்பின் வளைவு அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. வரைகலைச் செயலிகளில் 'ஸ்டெபிலைசர்' என்று ஒன்று உண்டு, கை நடுங்கினாலும் கோட்டை வழவழப்பாக்கிக் கொடுக்கும். அதை முழுசாக ஏற்றிவிட்டு வரைந்தால் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே தடிமனில் கம்பி வளைத்த மாதிரி வருகிறது. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் உடம்பின் பாரம் ஊன்றிய காலில் இறங்குவது அதில் தெரியாது.

எனக்கு எல்லாவற்றையும்விட உறுத்துவது கண். நம் மரபில் சிலையோ ஓவியமோ, கண் திறப்பதைக் கடைசியாகத்தான் செய்வார்கள். பார்வை எங்கே விழுகிறது என்பது அவ்வளவு முக்கியம். பனைமலையில் அவள் நம்மைப் பார்க்கவே இல்லை. ஆட்டத்தைப் பார்க்கிறாள். தலைச் சாய்வு, மடித்த கால், நிற்கிற ஒயில் எல்லாம் ஒரு ரசிகையுடையவை. அந்தச் சந்நிதிக்குள் நுழைகிறவர் பார்ப்பது, பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தியை. அவளைத் தனியே வெட்டி எடுத்து, கண்ணை நம் பக்கம் திருப்பினால், ஒரு நிகழ்ச்சி வெறும் போர்ட்ரெய்ட் ஆகிவிடுகிறது. ஆடுபவர் இல்லாத சபையில் அவளை போட்டோவுக்கு நிற்க வைத்த மாதிரி.

ஏஐ செயலிகளில் புகைப்படத்தைப் போட்டு 'சரிசெய்து கொடு' என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இதைத் திட்டித் தீர்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் அது செய்வது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய இயந்திரம், ஓட்டை இருக்கும் இடத்தில் எது அதிகம் வழக்கமோ அதை வைத்து அடைக்கிறது. பல்லவ மகுடங்களை அது பார்த்திருப்பது குறைவு, டிவி புராணத் தொடர்களின் கிரீடங்களைப் பார்த்திருப்பது அதிகம். வருவது எது என்று சொல்லவேண்டியதில்லை.

'அப்படியானால் பழசை யாரும் தொடவே கூடாதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தொடலாம், தாராளமாக. 2017இல் சென்னையைச் சேர்ந்த பரத்வாஜ் சுந்தரும் புகைப்படக்காரர் நரேஷ் நிலும் சேர்ந்து 'டார்க் இஸ் டிவைன்' என்ற படத்தொடரை வெளியிட்டார்கள். லட்சுமி, சரஸ்வதி, முருகன் என்று தெய்வங்களைக் கறுத்த மேனியோடு காட்டியது அது. 2020இல் வெங்கட் ராம், ரவிவர்மா ஓவியங்களை நடிகைகளை வைத்துப் புகைப்படங்களாக்கி ஒரு காலண்டர் செய்தார். இரண்டும் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். ஆனால் இரண்டுமே 'இது எங்கள் கற்பனை' என்று தெரிந்தே நம் முன் வந்தவை. அவற்றைப் பார்த்து யாரும் ரவிவர்மாவின் கேன்வாஸ் இப்படித்தான் இருந்தது என்று ஏமாறப்போவதில்லை. மறுகற்பனை வேறு, மீட்டெடுப்பு வேறு. நம் மாணவர்கள் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதின் பெயரை வைக்கிறார்கள். சிக்கல் அங்கேதான்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், பிரதிகளுக்கு ஒரு பொறுப்பு உண்டு. மாணவர்கள் பழைய சமய ஓவியங்களைப் பிரதியெடுப்பது இன்று தொடங்கியதல்ல. பம்பாய் கலைப் பள்ளியின் மாணவர்களை வைத்து ஜான் கிரிஃபித்ஸ் 1872 முதல் 1885 வரை அஜந்தாவைப் பிரதியெடுத்தார். லண்டனுக்குப் போன அந்தப் படங்களில் பெரும்பகுதி தீயில் எரிந்துவிட்டது. பிறகு ஹெரிங்ஹாம் அம்மையார் அஜந்தாவுக்கு வந்தபோது உடன் சென்று வரைந்த இளைஞர்களில் ஒருவர் நந்தலால் போஸ். அந்தக் குகைகளில் கற்றது அவர் கையில் கடைசிவரை இருந்தது. பிரதியெடுப்பது ஒரு படிப்பு. சுவர் உதிர்ந்த பிறகு அந்தப் பிரதிதான் சாட்சி. பனைமலைச் சுவரும் உதிர்ந்துகொண்டிருக்கும் சுவர்தான். நாளைக்கு செஞ்சிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளை ஒருத்தி 'பனைமலை ஓவியம்' என்று போனில் தேடும்போது முதலில் வருவது எதுவோ, அவளுக்கு அதுதான் பனைமலை.

உதிர்ந்த இடத்தை என்னதான் செய்வது? ரோமில் 1939இல் தொடங்கிய மத்திய பராமரிப்புக் கழகத்தின் முதல் இயக்குநர் சேசரே பிராண்டி ஒரு வழி சொன்னார். அழிந்த இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவது. தள்ளி நின்றால் ஓவியம் முழுமையாகத் தெரியும், கிட்டே வந்தால் எது பழசு, எது புதுசு என்று கண்ணே சொல்லிவிடும். ஓவியத்துக்கும் மரியாதை, பார்ப்பவருக்கும் மரியாதை.

நம்மூரில் இதற்கு நேர் எதிரான உதாரணம் தஞ்சைப் பெரிய கோயில். கருவறையைச் சுற்றிய சுவர்களில் இருந்த சோழர் ஓவியத்தின் மேலேயே நாயக்கர் காலத்தில் புது ஓவியம் தீட்டினார்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடிக்கும் வரை அடியில் சோழர் ஓவியம் இருப்பதே உலகுக்குத் தெரியாது. பிற்பாடு தொல்லியல் துறை மேல் அடுக்கைப் பக்குவமாகப் பிரித்தெடுத்துத் தனியே பாதுகாத்தது. நாயக்கர் கால ஓவியரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு இருந்தது ஒரே சுவர்.

டிஜிட்டல் மாணவருக்கு எத்தனை சுவர் வேண்டுமானாலும் உண்டு. 'லேயர்' என்பதே அதுதானே? அடியில் சுவரின் புகைப்படம். அதன்மேல் கண்ணுக்குத் தெரிகிற கோடுகள் மட்டும். அதற்கும் மேல் ஊகம், கடைசியில் சொந்தக் கற்பனை. எதை வேண்டுமானாலும் மறைக்கலாம், திரும்பக் காட்டலாம். தஞ்சையில் அவ்வளவு பாடுபட்டுப் பிரித்ததை இங்கே ஒரு சொடுக்கில் பிரிக்கலாம். இப்படி ஒரு வசதியைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒன்றாக அழுத்தி ஒரே ஜேபெக் ஆக்கி வெளியிடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

இதற்கு விதிவிலக்காக ஒரு மாணவியின் வேலையைப் பார்த்தேன். உதிர்ந்த இடங்களை வெள்ளையாகவே விட்டிருந்தார். பார்வதியின் கோடு சுவரில் எங்கே நிற்கிறதோ, இவருடைய கோடும் அங்கேயே நிற்கிறது. சிவன் இருந்த பக்கத்தில், காஞ்சி கைலாசநாதர் கோயிலின் ஆடும் சிவன் சிற்பத்தைப் பார்த்து மெல்லிய புள்ளிக்கோட்டில் ஓர் உருவம். ஒரே மன்னன் காலத்து வேலை என்பதால் அந்தத் துணையில் தர்க்கம் இருக்கிறது. குறை இல்லாமல் இல்லை. குடையின் கோடு தட்டையாகக் கிடக்கிறது. சிவனின் கைகளைப் புள்ளிக்கோட்டில்கூட இவ்வளவு உறுதியாகப் போட்டிருக்க வேண்டாம். பார்வதியின் ஆடைக்குப் போட்ட வண்ணம் புத்தம்புதுத் துணி மாதிரி. ஆனாலும் இந்தப் படத்தில் மட்டும்தான் அவள் சரியான திசையில் பார்க்கிறாள். பார்க்கும் இடத்தில் அரைகுறையாக யாரோ ஆடுகிறார்கள். மற்ற எல்லாப் படங்களையும்விட அழகு குறைந்த இந்தப் படத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன்.

வரைகிறவர்களுக்கு என் சிபாரிசு சின்னது. முதலில் பனைமலைக்கு ஒரு தடவை போய் அந்தச் சுவர் முன் நில்லுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். வரைந்து முடித்ததும் ஒரு படத்துக்குப் பதில் இரண்டாக வெளியிடுங்கள். சுவரில் இருப்பது ஒன்று, நீங்கள் சேர்த்தது இன்னொன்று. இரண்டாவது படத்தில் உங்கள் பெயரைத் தைரியமாகப் போட்டுக்கொள்ளலாம். அது உங்களுடையதுதான்.