எச்சரிக்கையில் இரண்டு சொற்கள்

முதலாம் அகிலம் பற்றி நாம் தமிழிற் படித்தவை பெரும்பாலும் இரண்டு சம்பவங்களுக்குள் அடங்கிவிடுகின்றன: 1864 செப்டம்பர் 28ல் லண்டன் சென் மாட்டின் மண்டபக் கூட்டம், 1872ல் ஹேக் மாநாட்டில் பக்கூனின் நீக்கப்பட்டமை. இடைப்பட்ட வருடங்களில் அகிலம் அன்றாடம் என்ன செய்தது என்றறிய, 1866 மே 4ந் திகதியிட்டு ஜேர்மன் பத்திரிகைகளுக்காக மார்க்ஸ் எழுதிய ‘எச்சரிக்கை’ என்ற சிறு அறிவித்தல் போதும்.

விடயம் இதுதான். லண்டன் தையற் தொழிலாளர் ஒன்றுசேர்ந்து கூலி உயர்வு கேட்டனர். முதலாளிகள் பெல்ஜியம், பிரான்ஸ், சுவிற்சர்லாந்திலிருந்து ஆள் இறக்கப் பார்த்தார்கள். அகிலத்தின் செயலாளர்கள் அந்நாட்டுப் பத்திரிகைகளில் அறிவித்தல் போட, முதலாளிகள் பணிந்தார்கள். பிறகு எடின்பரோ முதலாளிகள் 15 வீத உயர்வுக்கு ஒப்புக்கொண்டுவிட்டு, இரகசியமாக ஹனோவர், மெக்லென்பேர்க் பகுதிகளுக்குத் தரகர்களை அனுப்பினார்கள். முதற் தொகுதியினர் கப்பலேறியும் விட்டனர். கருங்காலிகளாகப் போகாதீர்கள் என்கிறார் மார்க்ஸ்.

வந்திறங்கும் அந்நியனை விரட்டச் சொல்லாமல் அவனோடேயே, அவனது மானத்தைத் தொட்டுப் பேசுவதுதான் இதன் பலம். பேசியவர்களும் அந்நியர்களே. அகிலத்தின் சபையிலிருந்த எக்காரியுஸ், லெஸ்னர் இருவரும் ஜேர்மன் தையற்காரர். லெஸ்னர் 1852 கொலோன் கம்யூனிஸ்ட் வழக்கிற் சிறைப்பட்டு, பின்னர் லண்டனுக்கு வந்தவர்.

ஆனால் இரண்டு இடங்களில் எமக்குத் தடக்குகிறது. இந்த ஆளிறக்குமதியின் நோக்கம், இந்தியக் கூலிகளை ஜமெய்க்காவுக்குக் கொண்டுபோவதன் நோக்கமேதான், அதாவது அடிமைத்தனத்தை நீடிப்பது என்கிறார். அந்நிய மண்ணில் கதியற்ற இவர்கள் விரைவில் ‘பாரியா’ நிலைக்குத் தாழ்ந்துவிடுவர் என்றும் சொல்கிறார்.

கூலி இங்கு வெறும் உவமை. அவனுக்கு யாரும் எச்சரிக்கை எழுதவில்லை. அதே காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகளின் பின்னால் இலங்கைக் கோப்பித் தோட்டங்களுக்கு மக்கள் நடந்துகொண்டிருந்தனர். எழுதியிருந்தாலும் அதைப் போட அவர்களுக்கொரு பத்திரிகை இருக்கவில்லை. ஹனோவர் தையற்காரன் கையில் ஒரு தொழிலாவது இருந்தது. நிலமற்ற, தீண்டாமைக்குட்பட்ட ஒருவரிடம் ‘போகாதே’ என்று சொல்வதில் என்ன அர்த்தம்? அகிலம் இந்தக் கேள்விக்கு வந்துசேரவேயில்லை.

‘பாரியா’ என்பது பறையர் என்ற எமது சொல்லை ஐரோப்பியர் எடுத்துப் பாவித்தது. 1866ல் அங்கு அது ‘ஒதுக்கப்பட்டவர்’ என்ற பொதுப்பொருளிற் புழங்கிவிட்டது. மார்க்ஸ் சாதியை மனதில் வைத்து எழுதினாரென்று நாம் வழக்காடத் தேவையில்லை. எம்மவர் கதை வேறு. உணவகக் குசினிகளில் எங்களோடு கோப்பை கழுவும் சிலர், முதலாளி நடத்தும் விதத்தைச் சொல்லும்போது ‘எங்களைப் பறையரைப் போல நடத்துகிறான்’ என்று கொதிக்கிறார்கள். பறையரை அப்படி நடத்தலாம் என்பது அந்தக் கோபத்துக்குள்ளேயே இருக்கிறது.

இந்த அறிவித்தலை யாராவது தமிழாக்கும்போது ‘ஒதுக்கப்பட்டோர்’ என்று நாகரிகமாக மாற்றிவிடக்கூடும். வேண்டாம். பறையர் என்றே போடுங்கள்.