கடன் வாங்கியவருக்கே மானியம்

பால் பண்ணைக்கு அரசு பணம் தரக்கூடாது என்று நம் நாட்டில் அநேகமாக யாரும் வாதிடுவதில்லை. அந்தப் பணம் எந்த வடிவத்தில், யார் கைக்கு, எந்த வேளையில் போய்ச் சேருகிறது என்பதைத்தான் யாரும் போதிய அளவு கேட்பதில்லை. 2010 செப்டம்பரில் நபார்டு வழியாக மத்திய அரசு தொடங்கிய பால் பண்ணைத் தொழில்முனைவோர் மேம்பாட்டுத் திட்டம் இந்தக் கேள்விக்கு நல்ல சோதனைக் களம். பத்தாண்டுகள் நடந்த திட்டம் அது.

10 மாடுகள் கொண்ட பண்ணைக்குத் தொடக்கத்தில் 5 லட்சம் ரூபாய் செலவு என்று கணக்கிட்டார்கள். மானியம் 25 சதவீதம். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 33.33 சதவீதம். ஆனால் அந்த 1.25 லட்சம் விவசாயியின் கைக்கு வராது. அவர் 10 சதவீதத்தைத் தன் பங்காகப் போட்டு, மீதிக்கு வங்கியில் கடன் வாங்க வேண்டும். மானியம் வங்கியிலேயே தனிக் கணக்கில் இருக்கும். ஒழுங்காகத் தவணை கட்டி வந்தால் கடைசித் தவணைகளில் அதைக் கழித்துக்கொள்வார்கள்.

இப்படி வைத்ததற்குக் காரணம் உண்டு. முன்பு மாட்டுக் கடனோடு மானியத்தையும் சேர்த்துக் கொடுத்த காலத்தில், ஒரே மாட்டைப் பல பேர் பெயரில் காட்டினார்கள், மாடு வாங்கிய வேகத்திலேயே விற்றார்கள் என்ற புகார்கள் ஊருக்கு ஊர் எழுந்தன. கடைசியில் கழிக்கும் முறை அந்த ஓட்டையைப் பெருமளவு அடைத்தது. பண்ணையை நடத்துபவருக்குத்தான் பயன். மானியத் தொகைக்கு வட்டியும் கிடையாது. பொதுப்பணத்தைக் காக்கும் வழியாக இதை நான் மதிக்கிறேன்.

ஆனால் அடைத்த கதவின் வெளியே நிற்பவர் யார் என்று பாருங்கள். 10 மாட்டுப் பண்ணைக்கு வேண்டிய கடன் 4.5 லட்சம். பிணை கேட்காமல் வங்கிகள் தரவேண்டிய விவசாயக் கடனின் வரம்பு 2010இல் 1 லட்சம். 2019இல் அது 1.6 லட்சமாகி, 2025இல்தான் 2 லட்சத்தைத் தொட்டது. ஆக, பட்டா நிலம் அடகு வைக்க இல்லாதவருக்கு 10 மாட்டுத் திட்டம் எட்டாது. இரண்டு மாட்டுக்கும் விண்ணப்பிக்கலாம் என்று விதி இருந்தது உண்மை. அதற்கு மானியம் சுமார் 25,000 ரூபாய், அதுவும் கடைசித் தவணைகளில். விலைப்பட்டியல், மாட்டுக் காப்பீடு, வங்கிப் படிவம் என்று கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டியவர் யார்? விடியுமுன் சாணி அள்ளி, பால் கறந்து, சொசைட்டிக்கு எடுத்துப் போகும் பெண்கள். நிலப் பட்டாவோ பெரும்பாலும் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கிறது. உழைப்பு ஒருவருடையது, தகுதி இன்னொருவருடையது என்றாகிவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான வழியில் போனது நூறு நாள் வேலைத் திட்டத்தின் கீழ் கட்டப்பட்ட மாட்டுக் கொட்டகைகள். கடன் வேண்டாம், பிணை வேண்டாம். ஏழைக் குடும்பம் என்பதே தகுதி. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அவை பரவலாகவே எழும்பின. சேற்றில் படுத்த மாட்டுக்கு மடிநோய் வருவது மாடு வளர்க்கும் எல்லோருக்கும் தெரியும். சாய்வான தளம், மூத்திரம் ஓட ஒரு வாய்க்கால், தனித் தீவனத் தொட்டி, இந்த மூன்றும் இருந்தால் மருந்துச் செலவில் கணிசமான பங்கு குறையும். சிறு வளர்ப்பவரின் வாசலுக்கே வந்த உண்மையான உதவி என்று இதைச் சொல்லலாம்.

குறை கட்டடத்தில் தொடங்குகிறது. இங்கே வெப்பத்தைத் தாங்காத ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினங்கள்தான் அதிகம். தாழ்வான தகரக் கூரையோ சிமென்ட் ஷீட்டோ கோடையில் அவற்றை வாட்டி எடுக்கும். தீனி குறையும், பால் குறையும், சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக அமைய வேண்டும், காற்று குறுக்கே போக வேண்டும். மாடு ஒன்றுக்கு மூன்றரை சதுர மீட்டராவது மூடிய இடம் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு. ஆனால் ஒரே வரைபடத்தை எல்லா மனைக்கும் பொருத்தினால் கட்டடம் மனை போன போக்கில்தான் நிற்கும். வெறும் சிமென்ட் தளத்தில் ரப்பர் விரிப்பு இல்லையென்றால் கால் முட்டி தேயும். அந்த விரிப்பு மதிப்பீட்டில் இருக்காது, மரநிழலும் இருக்காது. அளந்து பில் போடக்கூடியதை மட்டுமே மதிப்பீடு பார்க்கிறது. கூலிக்கு 60, பொருளுக்கு 40 என்ற விகிதக் கட்டுப்பாடு வேறு. சிமென்ட், கம்பிக்கான தொகை தாமதமானபோது, பல குடும்பங்கள் வெளியே கடன் வாங்கிக் கட்டி முடிக்க வேண்டியதாயிற்று.

தனிநபருக்குத் தரும் மானியத்தைவிட ஊருக்குப் பொதுவாகத் தரும் மானியமே அதிகம் சாதித்திருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி தனித்தனி விவசாயிக்குப் பணம் தரவில்லை. உலக உணவுத் திட்டம் வழியாக வந்த பால் பவுடரையும் வெண்ணெய் எண்ணெயையும் விற்ற பணத்தில் கூட்டுறவுகளுக்குக் குளிரூட்டும் நிலையமும், பதனிடும் ஆலையும், டேங்கரும் வந்தன. 1983இல் எழுத்தாளர் கிளாட் ஆல்வாரெஸ் அதைக் கடுமையாக விமர்சித்தார். வெளிநாட்டு உதவியை நம்பியிருப்பது பற்றிய அவரது கேள்விகள் நியாயமானவை. ஆனாலும் இரண்டு லிட்டர் ஊற்றுபவரின் பாலும் கெடாமல் நகரம் போய்ச் சேர்ந்தது அந்தப் பொதுக் கட்டமைப்பால்தான். கறந்த பால் உடல் சூட்டிலேயே இருக்கிறது. அதைச் சில மணி நேரத்துக்குள் 4 டிகிரிக்குக் குளிர்விக்காவிட்டால் கெட்டுவிடும். 2014இல் தொடங்கிய தேசிய பால்வள மேம்பாட்டுத் திட்டம் ஊர்ச் சங்கங்களுக்குக் குளிரூட்டும் தொட்டியும், கொழுப்பையும் இதரச் சத்தையும் அங்கேயே அளந்து சீட்டு அடித்துத் தரும் கருவியும் வாங்க உதவுகிறது. அந்தச் சீட்டு கையில் இருந்தால் அளவையில் ஏமாற்றுவது கடினம். குறை என்னவென்றால், மானியம் தொட்டியை வாங்கித் தரும். மின்தடையில் ஜெனரேட்டருக்கு ஊற்றும் டீசலைச் சங்கத்தின் மெலிந்த லாபம்தான் தாங்க வேண்டும்.

இந்த நிலையில் பணத்தின் போக்கு மாறிவிட்டது. 2020இல் 15,000 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட கால்நடை வளர்ப்பு உட்கட்டமைப்பு மேம்பாட்டு நிதி, பால் பதனிடும் ஆலை, தீவன ஆலை போன்றவற்றுக்கான கடனில் 3 சதவீத வட்டியை ஏற்கிறது. நிறுவனங்களும் தனிநபர்களும் விண்ணப்பிக்கலாம். ஆலை பெருகினால் பாலுக்குப் போட்டி வரும், விலை ஏறும் என்பது வாதம். போட்டி இருக்கும் ஊரில் அது நடக்கும். வாங்குபவர் ஒருவரே என்ற ஊரில் வட்டித் தள்ளுபடி ஆலைக்காரரோடு நின்றுவிடும். ஆலை வழியே போகாமல் பால் விலை வழியே நேராகப் பணம் தருவதும் உண்டு. தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் ஆவின் பசும்பாலின் கொள்முதல் விலையை லிட்டருக்கு 32லிருந்து 35 ரூபாயாக உயர்த்தியது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. அந்த 3 ரூபாய் நாளுக்கு 15 லிட்டர் ஊற்றும் குடும்பத்துக்கு ஆண்டில் 16,000 ரூபாய்க்கு மேல் ஆகும். இரண்டு மாட்டுக்கு அந்த நபார்டு திட்டம் தந்த மானியத்தைவிடக் கூடுதலான தொகை இரண்டே ஆண்டுகளில், பிணையில்லாமல் கைக்கு வந்துவிடும்.