நிலவின் கோடும் கடிகாரத்தின் கோடும்

சாக்கடை பம்ப் நிலையக் கிணற்றின் மட்டத்தைக் காட்டும், ரம்பப் பல் போல ஏறி இறங்கும் கோட்டைப் பார்த்தாலே எனக்கு நிம்மதி. கிணறு மெல்ல நிறைகிறது, பம்ப் எடுக்கிறது, மட்டம் சரசரவென்று இறங்குகிறது, மறுபடி நிறைகிறது. ஜொகூரில் ஸ்கூடாய், மாசாய் பக்கத்துக் குடியிருப்புத் தாமான்களில் இந்தப் பற்கள் விடியற்காலை 4 மணிக்கே நெருங்கத் தொடங்கும். சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்கள் பாலம் நெரிசலாவதற்குள் குளித்துக் கிளம்ப வேண்டுமே! இறக்கம் சோம்பலாகச் சாய்ந்தால் பம்ப்பில் துணி சிக்கியிருக்கிறது. பம்ப் நின்றதும் மட்டம் ஒரு துள்ளு துள்ளினால், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் ரிஃப்லக்ஸ் வால்வு சரியாக மூடவில்லை. இதெல்லாம் ஆறு மாதம் வேலை பார்த்தால் யாருக்கும் கைவரும்.

என்னை இன்றும் சொக்க வைப்பவை வேறு இரண்டு கோடுகள். இரண்டுமே நாளுக்கு இருமுறை ஏறி இறங்குபவை.

முதலாவது கடல். ஜொகூர் நீரிணை ஓரத்து நிலையங்களில் ஏற்றம் வரும்போது, வெடித்த குழாய் வழியாக உப்புநீர் உள்ளே வரும். கிணறு சீக்கிரம் நிறையும், பற்கள் நெருங்கும். இன்று காலை 8 மணிக்கு வந்த நெருக்கம் நாளை 8.50 வாக்கில் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வலுக்கும், அஷ்டமி வாக்கில் தளரும். பம்ப் ஹவுஸ் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே போதும், இதைக் கண்டுபிடிக்க.

இரண்டாவதைக் காட்டித் தந்தவர் எனக்கு வேலை பழக்கிய அண்ணன். அப்போது ஒரு நிலையத்தில் பம்ப்பை ஓட்டியது மிதவை சுவிட்ச். அழுத்த சென்சார் பதிவுக்கு மட்டும். மிதவை ஒரே இடத்தில் தொங்குவதால் எல்லாப் பற்களின் உச்சியும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஆனால் உச்சிகள் நாளுக்கு இருமுறை 3 சென்டிமீட்டர் அளவுக்கு அலைந்தன. கடல்தான் என்று முடிவு கட்டி, குழாயில் விரிசல் தேட ஆள் அனுப்பிவிட்டார்கள். அண்ணன் ஒரு வாரத் தாளை மேசையில் விரித்து, மர ஸ்கேலை நாளுக்கு நாள் நகர்த்தினார். மேடுகள் எல்லாம் காலை 10, 11 மணிக்கும் இரவு அதே நேரத்துக்கும் அசையாமல் நின்றன. "கடலா இருந்தா ஒரு வாரத்துல ஆறு மணி நேரம் தள்ளியிருக்கணும் தம்பி. மேடு இருந்த இடத்துல பள்ளம் வந்திருக்கும். பல்லும் நெருங்கல பாரு. இது மணி பார்த்து நடக்குது. காத்துதான்."

நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை பாகை வடக்கே இருக்கிறோம். இங்கே வெயிலின் சூட்டில் காற்றழுத்தமே நாளுக்கு இருமுறை, சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் ஏறி இறங்கும். தண்ணீர்க் கணக்கில் அது 3 சென்டிமீட்டர். சென்சார் கேபிளுக்குள் ஓடி, வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்துவிடும் மூச்சுக்குழாய் திறந்திருந்தால் இது கோட்டில் தெரியவே தெரியாது. அந்தக் குழாய் வந்து முடியும் பெட்டியைத் திறந்தோம். நீலமாக இருக்க வேண்டிய சிலிக்கா ஜெல் ஈரம் ஏறி இளஞ்சிவப்பாகக் கிடந்தது. குழாய் வாயில் நீர்முத்துகள். குழாயை உலர்த்தி, ஜெல்லை மாற்றி, சென்சாரைக் கழுவிக் காற்றில் பிடித்தோம்: 4.00 மில்லி ஆம்பியர். வாளியில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கினோம்: 5.20. நான்கு மீட்டர் சென்சாருக்கு அச்சு அசலான கணக்கு.

மட்டம் அளக்க ராடார்தான் சிறந்தது என்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. சாக்கடையைத் தொடாது, துணி சுற்றாது, ஒப்புக்கொள்கிறேன். அல்ட்ராசோனிக்கை மட்டும் என்னால் ஏற்க முடியாது. நுரை கட்டினால் எதிரொலியைத் தொலைக்கும். தண்ணீர் அதன் முகத்தருகே வந்துவிட்டால், கிணறு பொங்கப் போகும் அந்த நேரம் பார்த்துத் தப்பு எண் காட்டும். ஆனால் ராடார் தடுமாறினால் ஏணியிலோ சங்கிலியிலோ பட்டுத் திடீரென்று தாவும். அழுத்த சென்சாரின் நோய்க்கு ஒரு தாளம் உண்டு. படிக்கத் தெரிந்தவனுக்கு அது காரணத்தையும் சொல்லிவிடும்.

அந்தப் படிப்புதான் இப்போது தேய்கிறது. 15 நிமிடச் சராசரியாகப் பதிவு செய்கிறார்கள். பல்லே இல்லாத கோட்டில் எதைப் படிப்பது? போனில் சிவப்பு எச்சரிக்கை வந்தால் சென்சாரைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறார்கள், ஈரம் கோத்த அதே பெட்டியில். சில மாதத்தில் அதே அலை. 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறியது. வீட்டில் ஆட்கள் தங்கும் நாள் மாறினால் பற்களும் மாறும். கோட்டைப் படிக்கிறவனுக்கு அதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் பொறுப்பில் ஒரு நிலையமாவது இருந்தால், பதிவு இடைவெளியை ஒரு நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். மாதம் ஒருமுறை அந்தப் பெட்டியைத் திறந்து ஜெல் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.