அரைக் கட்டை ஏறும் இடம்

ஜாஸ் கேட்க உட்காரும் கச்சேரி ரசிகருக்கு முதலில் வரும் திணறல், பாட்டு எங்கே போயிற்று என்பதுதான். தொடக்கத்தில் ஒரு மெட்டு வருகிறது. பிறகு ஆளாளுக்கு மனோதர்மத்தில் இறங்கிவிடுகிறார்கள். கடைசியில்தான் மெட்டு திரும்புகிறது. ஆனால் நடுவில் மறைவது மெட்டு மட்டுமே. அதன் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தொகுப்பில் முதலில் வரும் 'ஸோ வாட்' இதைப் பழக நல்ல இடம். 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில், கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் 30-வது தெரு ஸ்டுடியோவில் பதிவானது.

கணக்கு எளிது. ஒரு சுற்றுக்கு 32 பார், பாருக்கு 4 தட்டு. அக்கால ஜாஸில் கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள், நொடிக்கு நொடி மாறும். இங்கே முதல் 16 பாருக்கு ஒரே ஸ்வர வரிசை. அடுத்த 8 பாருக்கு அதுவே அரைக் கட்டை ஏறும். கடைசி 8-இல் பழைய இடத்துக்கு இறங்கும். டோரியன் எனப்படும் அந்த வரிசையின் ஸ்வரங்கள் கரகரப்ரியாவின் ஸ்வரங்களே. 2 கட்டையில் பாடுகிறவர் இரண்டரைக்குப் போய்த் திரும்புகிற மாதிரி.

மெட்டை எடுப்பது பால் சேம்பர்ஸின் பாஸ். அது கேட்கக் கேட்க, பியானோவும் பின்பு ஊதுகருவிகளும் இரண்டே அடியில் பதில் சொல்கின்றன. டேவிஸின் டிரம்பெட் தனியாக நுழையும்போது ஜிம்மி காப் சிம்பலில் ஓங்கி ஓர் அடி போடுகிறார். அந்த ரீங்காரம் அடங்குவதற்குள் டேவிஸ் நாலைந்து ஸ்வரம் சொல்லிவிட்டு நிறுத்துகிறார். இடைவெளியில் பாஸ் நடப்பது காதில் விழுகிறது. அடுத்து டெனர் சாக்ஸஃபோனில் ஜான் கோல்ட்ரேன், டேவிஸ் எடுத்துக்கொண்ட அதே இரண்டு சுற்றை அடுக்கடுக்காக நிரப்புகிறார். ஆல்டோ சாக்ஸஃபோன் வாசிக்கும் கேனன்பால் ஆடர்லியிடம் குழைவும் துள்ளலும் அதிகம். பியானோவில் பில் எவன்ஸுக்கு ஒரே சுற்று. முன்பு மெட்டுக்குப் பதில் சொன்ன அந்த இரண்டு அடியை ஊதுகருவிகள் அவருக்குப் பின்னால் மெல்லப் போட்டுக்கொண்டிருக்கின்றன.

வேகத்தை வைத்து அளப்பவர் கோல்ட்ரேனுக்கே மதிப்பெண் போடுவார். ஆனால் இந்தப் பதிவைத் தூக்கி நிறுத்துவது டேவிஸ் விட்ட இடைவெளிகள்.

தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டே கேட்டுப் பார்க்கலாம். ஒரு சுற்றின் தொடக்கத்திலிருந்து எண்ணினால், எட்டு ஆவர்த்தனம் முடிந்து ஒன்பதாவதன் சமத்தில் சுருதி ஏறும்.