ஏலாக்குறிச்சி ஏடும் தரங்கம்பாடி அச்சும்
கண்டன உரைநடையும் கிறித்தவ ஒழுக்கமும் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

மக்களிடையே எழுத்து வடிவில் உலவும் கருத்துகள் அவர்தம் சமய நம்பிக்கையையும் ஒழுக்கத்தையும் எவ்வாறு மாற்றுகின்றன என்னும் வினாவைச் சமய நூலார்க்கே உரியதென ஒதுக்கிவிடுதல் இலக்கிய ஆய்வாளர் வழக்கம். இவ்வழக்கம் பொருத்தமுடையதன்று. கருத்து மொழியாகவே மக்களிடம் செல்கின்றது. அம்மொழியின் நடை, தொனி, சொல்லாட்சி ஆகியவற்றைக் கொண்டே அது வெல்கின்றது அல்லது தோற்கின்றது. ஆதலின் இவ்வினா திறனாய்வாளர்க்கும் உரியதே ஆகும். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏலாக்குறிச்சிக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே நிகழ்ந்த எழுத்துப் போரை இந்நோக்கில் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

வீரமாமுனிவரைத் 'தேம்பாவணி' ஆசிரியராகப் போற்றுவோர் பலர். 'சதுரகராதி'யும் 'தொன்னூல் விளக்க'மும் தந்தவராகப் போற்றுவோரும் பலர். அவருடைய சமய உரைநடை நூல்களைப் படிப்போரோ சிலரே. 'கண்டன நூல்கள்' என ஒரே தொடரில் அடக்கி, உரைநடை வளர்ச்சிக்கு உதவின எனக் கூறி அமைந்துவிடுகின்றனர். அந்நூல்கள் ஒரு தரத்தன அல்ல என்பதும், அவற்றுள் ஒன்று ஏனையவற்றினும் வேறான உயர்வுடையது என்பதும் எம் துணிபு.

இடமும் காலமும்

ஏலாக்குறிச்சி கொள்ளிட ஆற்றின் வடபால் அமைந்த சிற்றூர். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினின்று 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது; அதனின்று பிரிந்த அரியலூர் மாவட்டம், இடையில் ஒருமுறை மீண்டும் இணைந்து, 2007-இல் நிலைபெற்றது. இன்று அவ்வூர் அரியலூர் மாவட்டத்தைச் சார்ந்தது. வீரமாமுனிவர் காலத்தில் அப்பகுதி அரியலூர் மழவராயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது; ஆற்றின் தென்கரை தஞ்சை மராட்டியர்க்கு உரியதாயிருந்தது. தஞ்சையில் சாகசி மன்னர் காலத்தே, 1701-இல், கிறித்தவர்க்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. அத்தகைய காலங்களில் ஆற்றைக் கடந்து வடகரை சேர்ந்தோர்க்கு அவ்வூர் புகலிடமாயிற்று. முனிவர் அதற்குத் 'திருக்காவலூர்' எனப் பெயரிட்டதும், ஆங்குள்ள அன்னையை 'அடைக்கல மாதா' என வழங்கியதும் இந்நிலையை உளங்கொண்டு நோக்கத்தக்கன. 'திருக்காவலூர்க் கலம்பகம்' முதலிய சிற்றிலக்கியங்களின் பின்னணியும் இதுவே.

1680-இல் இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1710-இல் கோவா வந்து, அடுத்த ஆண்டு மதுரைப் பணித்தளம் சேர்ந்தார். அதற்கு முன்னரே, 1706-இல், சீகன்பால்கும் புளுட்சோவும் டேனியர் குடியிருப்பாகிய தரங்கம்பாடியில் வந்திறங்கியிருந்தனர். 1712, 1713 ஆகிய ஆண்டுகளில் ஆங்கு அச்சுப்பொறியும் தமிழ் எழுத்துகளும் வந்து சேர்ந்தன. நான்கு நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும் 1714-இலும், புதிய ஏற்பாடு முழுமையும் 1715-இலும் அச்சேறின. சிறு நூல்கள் பலவும் வெளிவந்தன.

தமிழ் நூல்கள் அச்சேறுதல் அதற்கு முன் இல்லாததன்று. 'தம்பிரான் வணக்கம்' 1578-இலேயே கொல்லத்தில் அச்சாயிற்று. ஆயினும் வீரமாமுனிவர் பணியாற்றிய உள்நாட்டுப் பகுதியில் கத்தோலிக்கர் கையில் அச்சுப்பொறி இல்லை. அவருடைய உரைநடை நூல்கள் ஏட்டில் எழுதப்பெற்று, படி எடுப்போர் கை வழியாகவே பரவின. ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் ஏடு என்னும் இந்நிலை இப்போரின் இயல்பை உணர்தற்கு இன்றியமையாதது.

அச்சு செய்த மாற்றம்

தரங்கம்பாடியார் தஞ்சை நாட்டினுள் நெடுங்காலம் தடையின்றிச் செல்ல இயலவில்லை. போதகர் செல்ல இயலாத இடங்கட்கு அவர்தம் நூல்கள் சென்றன. இதனால் விளைந்ததை ஒரு வரலாறு தெளிவாகக் காட்டும். தஞ்சைப் படையில் சேர்வைக்காரராயிருந்த இராசநாயக்கன் கத்தோலிக்கக் குடும்பத்தில் தோன்றியவர். அச்சிட்ட நற்செய்தி நூல் ஒன்று அவர் கைக்கு எட்டியது. அதனைத் தாமே பயின்று, 1720-களின் பிற்பகுதியில் தரங்கம்பாடிச் சபையாரொடு சேர்ந்து, பின்னர் ஆங்கு உபதேசியாராகவும் அமர்ந்தார்.

இந்நிகழ்ச்சியை ஒருவர் சபை மாறிய செய்தியாக மட்டும் கருதுதல் குறைபாடுடையது. குருவின் வாய்மொழியையும் சபையின் கூட்டு வழிபாட்டையும் சார்ந்திருந்த நம்பிக்கை, தனியே அமர்ந்து படிக்கும் ஒருவரின் தீர்ப்புக்கு உட்பட்டது. படிப்பவர் நடுவராயினார். நடுவராவோர்க்கு உரிமையும் உண்டு, பொறுப்பும் உண்டு. அவ்வுரிமையை அச்சு விரைந்து தந்தது. பொறுப்பை யார் கற்பிப்பது என்பதே அக்காலத்துக் கிறித்தவ ஒழுக்கத்தின் முன் நின்ற பெருவினா எனலாம்.

மூன்று கண்டன நூல்கள்

'வேத விளக்கம்', 'பேதகமறுத்தல்', 'லூத்தரினத்தியல்பு' என்னும் மூன்றும் இச்சூழலில் தோன்றியவை. இவற்றின் பெயர்களே இவற்றின் போக்கை உணர்த்தப் போதியன. 'வேத விளக்கம்' கொள்கையைப் பொருளாகக் கொண்டது. நூலின் நோக்கு உண்மையின்மேல் நிற்கின்றது. 'பேதகமறுத்தல்' பிறர் கூற்றை மறுத்தலைத் தொழிலாகக் கொண்டது. நோக்கு எதிர்வாதத்தின்மேல் திரும்புகின்றது. 'லூத்தரினத்தியல்பு' ஓர் இனத்தாரின் இயல்பு கூறுவது. நோக்கு எதிராளியின்மேலேயே நிலைத்துவிடுகின்றது. கொள்கையினின்று கூற்றுக்கும், கூற்றினின்று ஆளுக்கும் இறங்கும் இவ்விறக்கம் வீரமாமுனிவர்க்கு மட்டும் உரியதன்று. கண்டன எழுத்து அனைத்திற்கும் உரிய இயல்பு அது. சீகன்பால்கு தொடக்கத்தில் அச்சிட்ட சிறுநூல் ஒன்றிற்கு 'அக்கியானம்' என்பதே பெயர். இந்நாட்டு மக்களின் வழிபாட்டை அறியாமை என்னும் ஒரு சொல்லால் சுட்டிய அப்பெயரில் விளக்கத்தினும் தீர்ப்பே முந்தி நிற்கக் காண்கின்றோம்.

தமிழ்நாட்டிற்குச் சமய வாதம் புதிதன்று. 'மணிமேகலை'யில் சமயக் கணக்கர் தத்தம் திறம் உரைத்தனர். 'குண்டலகேசி'க்கு 'நீலகேசி' விடையிறுத்தது. 'சிவஞான சித்தியார்' பரபக்கம் கூறிப் பின்னரே சுபக்கம் கூறிற்று. ஆயின் இருவகைக்கும் இடையே இரு வேற்றுமைகள் உள. முன்னையவை செய்யுளில் அமைந்து கற்றோர் அவையை நோக்கின. பின்னையவை உரைநடையில் அமைந்து பொதுமக்களை நோக்கின. இஃது ஒன்று. நீலகேசி எதிராளியை நேரில் கண்டு வாதிட்டாள். எதிர்நின்றார் மறுமொழி கூறவும், தோற்றவர் உடன்படவும் ஆங்கு இடமிருந்தது. ஏட்டிலும் அச்சிலும் வாதிடுவோர்க்கு எதிராளி கண்முன் இல்லை. இஃது இரண்டாவது. முகம் காணாது எழுதுவோர் முகத்தெதிரே கூறாத சொற்களையும் கூறத் துணிவர். இவ்வுண்மை அந்நூற்றாண்டோடு ஒழிந்துவிடவில்லை. கருத்துரைக்கும் வாயில்கள் பெருகிய இந்நாளில் முன்னையினும் மிகுதியாகவே விளங்குகின்றது.

தரங்கம்பாடி மொழிபெயர்ப்பின் தமிழ்நடையை வீரமாமுனிவர் கடுமையாகச் சாடினார். அதன்கண் நியாயம் இல்லாமலில்லை. இந்நாடு வந்து சில ஆண்டுகளே ஆன நிலையில் செய்யப்பெற்ற மொழிபெயர்ப்பு அது. ஆயினும் நடையின் குறையைக் கொள்கையின் குறைக்குச் சான்றாக்குதல் தருக்க முறைக்கு ஏலாது. செப்பமற்ற தமிழில் எழுதப்பெற்ற அந்நூலே படித்தவர் ஒருவரின் உள்ளத்தை மாற்றியது என்பதை மேலே கண்டோம். நடைச்சிறப்பு வேறு, மனமாற்றும் ஆற்றல் வேறு.

வேதியர் ஒழுக்கம்

இனி, 1727-இல் எழுந்ததாகக் கூறப்பெறும் 'வேதியர் ஒழுக்க'த்தை நோக்குவோம். இது கிறித்தவ உபதேசிமார்க்கென எழுதப்பெற்றது. குருமார் சிலரே, ஊர்களோ பல. ஆதலின் மறையைக் கற்பித்தலும், நோயாளரைக் காண்டலும், மக்களை வழிபாட்டிற்குக் கூட்டுதலும் உபதேசிமார் கடமைகளாயின. தரங்கம்பாடி நூல்களை முதலில் எதிர்கொண்டோரும் அவர்களே. அவர்க்கு நூல் எழுதப் புகுந்த முனிவர் எதிர்வாதங்களை அவர் கையில் கொடுத்து அமைந்திருக்கலாம். அவ்வாறு செய்தாரல்லர். அவர்தம் அழைப்பின் மேன்மை, அதற்கு வேண்டும் அறிவு, அவ்வறிவுக்கு ஒத்த நடக்கை என்பனவற்றையே பொருளாகக் கொண்டார். திருமறை நிகழ்ச்சிகளும் உவமைகளும் செறிய, படிப்போரைத் தம்மைத் தாமே சோதித்தறியத் தூண்டும் அறிவுரை நூலாக அது அமைந்தது.

நூற்பெயரின் இரு சொற்களும் ஆராயத்தக்கன. 'வேதியர்' என்பது தமிழ் வழக்கில் அந்தணரைக் குறித்து வந்த சொல். பிறப்பாலும் ஓதலாலும் ஒரு குலத்தார்க்கு உரியதாயிருந்த அப்பெயரை, மறை கற்பிக்கும் தொழில்பற்றி எளிய உபதேசிமார்க்கு முனிவர் வழங்கினார். பெயரை உயர்த்தினார், உயர்த்தியதன்பின் அப்பெயர்க்கு ஏற்ற சுமையையும் ஏற்றினார். அச்சுமையே 'ஒழுக்கம்'. வள்ளுவத்தின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர் அவர். ஒழுக்கம் பிறப்பினும் மேலானது என்னும் வள்ளுவ நெறியை அறிந்த ஒருவரே 'வேதியர்' என்பதனோடு 'ஒழுக்கம்' என்பதனை இவ்வாறு இணைக்கவியலும். இஃது எம் கருத்து.

கண்டன நூல்களில் வினா, 'எவர் கூறுவது உண்மை?' என்பது. 'வேதியர் ஒழுக்க'த்தில் வினா, 'உண்மை கூறுவோன் எத்தகையனாதல் வேண்டும்?' என்பது. முன்னைய வினாவில் குற்றம் எப்பொழுதும் பிறரிடத்தது. பின்னைய வினாவில் அது தன்னிடத்தும் தேடப்படுகின்றது. இம்மாற்றத்தால் நடையும் மாறுகின்றது. இகழ்ச்சி குறைந்து இரக்கம் மிகுகின்றது. தமிழ் உரைநடையில் அறிவுரை வகைக்கு இந்நூல் நல்ல சான்றாக நிற்றற்குக் காரணம் இதுவே.

'பரமார்த்த குரு கதை'யை இதனோடு ஒப்பிடுதல் பயன் தரும். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் சீடர் ஐவரும் அவர்தம் குருவும் நமக்கு நகை விளைக்கின்றனர். 1822-இல் பாபிங்டன் இலண்டனில் பதிப்பித்த அந்நூலை நகைச்சுவை நூல் என்றே படிக்கின்றோம். ஆயின் 'வேதியர் ஒழுக்கம்' கூறும் ஆசிரியரின் மறுதலை வடிவமே பரமார்த்தர். அறிவில்லாத குரு கற்பித்தால் விளைவது யாது என்னும் ஒரே கவலை, ஒன்றில் அறிவுரையாயிற்று, மற்றொன்றில் நகையாயிற்று.

ஒரு தடையும் விடையும்

ஈண்டு ஒரு தடை எழலாம். கண்டனச் சூழல் இல்லையேல் 'வேதியர் ஒழுக்க'மும் தோன்றியிராது. எதிர்ப்பே இரு சபையாரையும் தம் மக்களுக்குக் கற்பிக்கத் தூண்டியது. ஆதலின் கண்டனத்தைக் குறை கூறுதல் நன்றி மறத்தலாகும் என்பர். இதன் ஒரு பகுதியை உடன்படுகின்றோம். சொல்லை வரையறுத்தல், தடையை எடுத்தோதி விடையிறுத்தல், காரண காரியம் காட்டல் ஆகிய திறங்களைத் தமிழ் உரைநடை பொதுமக்கள் நடுவே பயின்ற களம் இக்கண்டனமே. ஆயின் ஒரு பொருளின் தோற்றத்திற்கு வாய்ப்பாயிருந்தது வேறு. அதன் சிறப்பிற்குக் காரணமாயிருந்தது வேறு. தீப்பற்றிய ஊரில் கிணறு தோண்டினர் எனின், கிணற்று நீரின் சுவை தீயினால் வந்ததன்று.

மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. வீரமாமுனிவர் இலத்தீனில் வரைந்த கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் அச்சாயிற்று. அச்சிட்ட இடம் தரங்கம்பாடி. யாரொடு அவர் ஏட்டில் போரிட்டாரோ, அவர்தம் அச்சகத்தினின்றே, அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே அந்நூல் வெளிவந்தது. கொள்கையில் உடன்படாதோர் புலமையை மதித்தனர். கண்டன நூல்களில் யாம் தேடியும் காணாத ஒழுக்கம் இவ்வொரு செயலில் விளங்குகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை: எழுத்தில் உலவும் கருத்து நம்பிக்கையைத் தனிமனிதரின் தீர்ப்புக்கு உட்படுத்தியது. அத்தீர்ப்பை வெல்ல எழுந்த கண்டனம், மொழிக்கு ஆற்றல் தந்தவாறே எழுதுவோரின் அறநிலையைத் தாழ்த்தவும் கூடியது. அத்தாழ்வுக்கு மாற்றுக் கண்டது 'வேதியர் ஒழுக்கம்'. கருத்தை ஒழுக்கத்தால் அளக்கவேண்டும் என அது வற்புறுத்தியது.

'தேம்பாவணி'க்கு வகுப்பறையில் கிடைக்கும் இடம் இவ்வுரைநடைக்குக் கிடைப்பதில்லை. சமயப் பூசல் எனக் கூசி ஒதுக்குதலும், நம் சமயத்தவர் வெற்றி எனக் கொண்டாடுதலும் ஒருங்கே விலக்கத்தக்கன. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி மாணாக்கர்க்கு ஏலாக்குறிச்சி தொலைவில் இல்லை. அங்குச் செல்வோர் கோயிலைக் கண்டு மீள்வதோடு அமையாது, அவ்வூரோடு தொடர்புடைய இவ்வுரைநடை நூல்களையும் தரங்கம்பாடிச் சிறு நூல்களையும் எதிரெதிர் வைத்துக் கற்பாராக. இரு திறத்தாரையும் அவரவர் சொற்களிலேயே கேட்டபின் தீர்ப்புக் கூறுதல் ஆராய்ச்சி அறம். நடுவராகிய படிப்போர்க்கு வேண்டும் பொறுப்பும் அதுவே.