பிக்கப்பை மாற்றுவதற்கு முன்னால்

மலிவான எலக்ட்ரிக் கிடார் ஒன்றை வாங்கி ஆறு மாதம் வாசித்தவருக்கு உலகம் தரும் அறிவுரை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. முதலில் பிக்கப்பை மாற்று. அடுத்து ட்யூனிங் கீ. பிறகு பிரிட்ஜ். அதற்கும் மனசு ஆறவில்லை என்றால் கிடாரையே மாற்று. தலைப்பில் ‘குறைந்த செலவில்’ என்று இருக்கும். கீழே உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால், மாற்றச் சொன்ன பாகங்களின் விலை கிடாரின் விலையைத் தாண்டியிருக்கும்.

இந்த அறிவுரை இலக்கியத்தைக் கொஞ்ச காலமாக வாசித்து வருகிறேன். இலக்கியம்தான், அதற்கென்று மரபு, சொல்லணி, காப்பிய நாயகர்கள் எல்லாம் உண்டு. அது பொய் சொல்கிறது என்பதல்ல என் விமர்சனம். வரிசையைத் தலைகீழாகச் சொல்கிறது. எந்தப் பாகத்துக்குப் பெயரும் விளம்பரமும் இருக்கிறதோ அது முதலில் வருகிறது. விரலுக்கும் காதுக்கும் பக்கத்தில் இருப்பவை கடைசியில் வருகின்றன, அல்லது வருவதே இல்லை. இதனால் பணம் வீணாவது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். மலிவு என்றாலே மட்டம்தானா?

அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் 1962-இல் சில்வர்டோன் என்ற பெயரில் ஒரு கிடாரை விற்றது. செய்து கொடுத்தது டேன்எலெக்ட்ரோ. மரச்சட்டத்தின் மேல் மேசனைட் அட்டை ஒட்டிய உடல். பிக்கப்புக்கு உறை, லிப்ஸ்டிக் குழாய். கிடாரை வைக்கும் பெட்டிக்குள்ளேயே ஆம்ப்பும் ஸ்பீக்கரும் இருக்கும். தபாலில் வரும் முழு செட். இன்றைய ‘ஸ்டார்ட்டர் பேக்’குகளுக்குப் பாட்டன். ஒரு தலைமுறை அமெரிக்கப் பையன்கள் அதில்தான் கற்றுக்கொண்டார்கள். அந்த லிப்ஸ்டிக் பிக்கப்பின் ஓசையை இன்று காசு கொடுத்துத் தேடுகிறார்கள். அட்டையும் லிப்ஸ்டிக் குழாயும் வாசிப்பதற்குத் தடையாக இருக்கவில்லை.

மரம் பற்றிய பேச்சுக்கும் இதே கதிதான். ஜிம் லில் என்ற நாஷ்வில் கிடார் கலைஞர் ஒரு சோதனை செய்து காணொளியாக வெளியிட்டிருக்கிறார். உடலும் இல்லை, நெக்கும் இல்லை; இரண்டு பக்கமும் அசையாத பலகைகளுக்கு இடையே கம்பிகளை இழுத்துக் கட்டி, அடியில் பிக்கப்பை வைத்து வாசிக்கிறார். ஓசை அவருடைய விலையுயர்ந்த கிடாரை ஒட்டியே வருகிறது. ஒரே ஆள் செய்த சோதனைதான், ஆனால் யாரும் திரும்பச் செய்து பார்க்கலாம்.

மரம் நிஜமாகவே முக்கியம் என்று நாம் நினைக்கும் அகௌஸ்டிக் கிடாரிலும் லான்காஸ்டர் பல்கலைக்கழகக் குழுவினர் சோதித்து 2018-இல் கட்டுரை வெளியிட்டார்கள். பின்பலகையும் பக்கப்பலகைகளும் மட்டும் வெவ்வேறு மரத்தில் செய்த 6 கிடார்கள், எது எதுவென்று பார்க்க முடியாத நிலையில் வாசித்த 52 கலைஞர்கள். மதிப்பீட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. விலை குறைந்த மரம் தோற்கவில்லை.

சரி, அப்படியானால் ஆறு மாதம் ஆனவருக்கு ஏன் தன் கிடார் பிடிக்காமல் போகிறது?

என் தங்கை மகன் சென்ற வருடம் இப்படித்தான் வந்து நின்றான். “மாமா, பிக்கப் மாத்தினா சரியாயிடுமா? எஃப் கார்டு பிடிச்சா கேவலமா இருக்கு.” பிராண்ட் எல்லாம் வேண்டாம், சாதாரண ஸ்டார்ட்டர் கிடார். நான் ஒரு ஸ்கேலும் செல்போனில் ட்யூனர் செயலியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

திறந்த கம்பிகள் ஆறும் சுருதி சுத்தம். மூன்றாவது கம்பியை முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் 14 சென்ட் ஏறுகிறது (ஒரு அரைச்சுரத்தில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட்). 17-ஆவது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பியின் உயரம் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். ஃபெண்டர் தன் கிடார்களுக்கு வெளியிட்டிருக்கும் அளவு அதே இடத்தில் 4/64 அங்குலம், அதாவது சுமார் 1.6 மில்லிமீட்டர்.

காரணம் எளிது. நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பிகள் தங்கும் சின்னத் துண்டுக்கு நட் என்று பெயர். அதிலுள்ள பள்ளங்களைத் தேவையான ஆழத்துக்கு அராவ ஆள் வேண்டும், நேரம் வேண்டும். மலிவான கிடாரில் தொழிற்சாலை மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் இங்கேதான். ஆழம் அதிகமானால் கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும், வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆழம் குறைந்தால் அவர் தன் விரலைத்தான் திட்டிக்கொள்வார். ஆகவே பள்ளத்தைக் கொஞ்சம் மேலோட்டமாகவே விட்டு அனுப்புவது விற்பவருக்குப் பாதுகாப்பு. முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 36 மில்லிமீட்டர் தூரம்தான். அவ்வளவு குறுகிய இடத்தில் உயரத்திலிருந்து கம்பியைக் கீழே அழுத்தினால் கம்பி நீள்கிறது, இழுவிசை கூடுகிறது, சுருதி ஏறுகிறது. அழுத்தவும் அதிக பலம் வேண்டியிருக்கிறது.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். கம்பியை இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் அழுத்திப் பிடியுங்கள். முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தால் போதும். அட்டையே நுழைந்தால் நட் உயரம்.

பையனை ஒரு கிடார் ரிப்பேர்காரரிடம் அனுப்பினேன். நட் பள்ளங்களை அராவினார், ட்ரஸ் ராடைத் திருகி நெக்கின் வளைவைச் சரிசெய்தார், சேடில்களை இறக்கினார், புதுக் கம்பி போட்டார். 14 சென்ட் 4 ஆனது. ஆன செலவு, அவன் பார்த்து வைத்திருந்த பிக்கப் செட்டின் விலையில் சின்னப் பங்கு. “அதே கிடார்தானா மாமா?” என்றான். அதேதான்.

இப்போது அந்தப் பெரிய நஷ்டம். ஃபெண்டரின் தலைமை அதிகாரியாக இருந்த ஆண்டி மூனி, புதிதாகக் கிடார் வாங்குபவர்களில் சுமார் 90 சதவீதம்பேர் ஒரு வருடத்துக்குள் விட்டுவிடுகிறார்கள் என்று வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். நிறுவனம் அதிலிருந்து எடுத்த முடிவு, கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது. 2017-இல் ஃபெண்டர் ப்ளே என்ற பாடச் செயலியைக் கொண்டுவந்தார்கள். நல்ல விஷயம். ஆனால் கையில் இருக்கும் கருவி முதல் ஃப்ரெட்டிலேயே அபசுரம் பேசினால் எந்தப் பாடம் உதவும்? விட்டுப்போனவர்களில் எத்தனைபேர் தங்களுக்கு விரலும் இல்லை, காதும் இல்லை என்று முடிவுகட்டிப் போனார்கள்? காது இருந்ததால்தான் அந்த 14 சென்ட் அவர்களை உறுத்தியது.

இது நமக்குப் புதிய பாடமும் இல்லை. வீணையில் 24 மெட்டுகள் மெழுகின் மேல்தான் நிற்கின்றன. மெழுகு இளகும், மெட்டு நகரும். அதைத் திரும்பச் சுருதிபார்த்துப் பதிக்கும் வேலைக்கு மேளம் கட்டுதல் என்று தனிப்பெயரே வைத்திருக்கிறோம். மேளம் கலைந்த வீணையைப் பார்த்து, “வேறு பலாமரத்தில் செஞ்சதா வாங்கு” என்று யாரும் சொல்வதில்லை. கருவி வாங்குவது ஒரு வேலை, வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவருவது இன்னொரு வேலை என்பது வீணைக்காரருக்குத் தெரியும். கிடார் பெட்டியில் வருவதால் பிரித்ததும் தயார் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ட்யூனிங் கீ பற்றியும் ஒரு வார்த்தை. சுருதி நிற்கவில்லை என்றதும் பழி கீயின் மேல் விழுகிறது. பல நேரங்களில் குற்றவாளி, கம்பி சிக்கி நிற்கும் அதே நட் பள்ளம். பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்தால் அந்தக் கரி மசகாக வேலை செய்யும். புதுக் கம்பியைக் கையால் மெல்ல இழுத்துவிட்டு மறுபடி சுருதி சேர்க்க வேண்டும். ட்ரெமலோ கையைப் பயன்படுத்தாதவர் பின்பக்க ஸ்பிரிங்குகளை இறுக்கி பிரிட்ஜை உடலோடு படிய வைத்துவிடலாம். மூன்றுக்கும் சேர்த்துச் செலவு பூஜ்ஜியம்.

இனி பிக்கப். அது ஓசையை மாற்றும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பிக்கப் தனியாக வேலை செய்வதில்லை. அது ஒரு கம்பிச்சுருள். கேபிள் ஒரு மின்தேக்கி. இரண்டும் சேர்ந்து ஓரிடத்தில் அதிர்வெண்ணைத் தூக்கிக் காட்டிவிட்டு, அதற்கு மேல் இருப்பதை வெட்டுகின்றன. ஸ்ட்ராட் வகை பிக்கப்புக்கு 2.5 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். கேபிள் மீட்டருக்குத் தோராயமாக 100 பிக்கோஃபாரட். 5 மீட்டர் கேபிளோடு அந்த உச்சி சுமார் 4500 ஹெர்ட்ஸில் விழும். 10 மீட்டரானால் சுமார் 3200. அதாவது கேபிளின் நீளம் மட்டுமே ஓசையை இவ்வளவு மங்கலாக்கும். ‘கிடார் டல்லா இருக்கு’ என்று பிக்கப் வாங்கப் போகிறவர், முதலில் ஒரு குட்டைக் கேபிளைக் கடன் வாங்கிப் பார்க்கலாம். அப்படியே பிக்கப்பின் இரண்டு பக்கத் திருகையும் திருப்பி, கம்பியிலிருந்து அதன் தூரத்தை மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் காசில்லை.

செட்டப் முடிந்த பிறகும் கையில் பணம் இருந்தால் அது போகவேண்டிய இடம் சங்கிலியின் மறுமுனை: ஸ்பீக்கர். இங்கேயும் அறிவுரை வழி தவறுகிறது. ‘10 வாட் போதாது, 20 வாட் வாங்கு’ என்பார்கள். வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்; காதுக்குக் கொஞ்சம் சத்தம் கூடினமாதிரி இருக்கும், அவ்வளவே. 12 அங்குல கிடார் ஸ்பீக்கர்கள் பலவற்றின் திறன், ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 97 முதல் 100 டெசிபல். ஸ்டார்ட்டர் ஆம்ப்பின் சின்ன ஸ்பீக்கர் இதற்குப் பல டெசிபல் கீழே இருக்கும். 6 டெசிபல் வித்தியாசம் என்றால்கூட வாட்டை நான்கு மடங்கு ஆக்கியதற்குச் சமம். சின்னப் பெட்டியில் கீழ்ச்சுரங்களும் மெலிந்துபோகும். பழைய 12 அங்குல ஆம்ப் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் தேடுவது, புதிய பிக்கப்பைவிடப் பெரிய மாற்றம் தரும். அடுக்குமாடி வீட்டில் இரவில் வாசிப்பவருக்கு ஸ்பீக்கரே வேண்டாம். ஆம்ப்பையும் ஸ்பீக்கரையும் போலச் செய்யும் மென்பொருளும் நல்ல ஹெட்ஃபோனும் போதும்.

“அப்போ வான் ஹேலன் எல்லாத்தையும் மாத்தினாரே? பிரையன் மே?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அறிவுரை இலக்கியத்தின் காப்பிய நாயகர்கள் இவர்கள்தான்.

பிரையன் மே தன் தந்தையுடன் 1963-இல் கிடார் செய்யத் தொடங்கினார். நெக், பழைய கணப்படுப்பின் சட்டத்து மரம். பிக்கப்பையும் தானே சுற்றினார். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து வாசிக்கும்போது அது வேண்டாத இரைச்சல் தந்தது. அதனால்தான் கடைக்குப் போய் பர்ன்ஸ் பிக்கப்புகளை வாங்கினார். அவர் ஒலிப்பதிவுகளில் பயன்படுத்திய டீக்கி ஆம்ப், ஜான் டீக்கன் குப்பைத் தொட்டியில் கண்டெடுத்த சர்க்யூட்டை ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்திச் செய்தது. எடி வான் ஹேலனுக்கு ஸ்ட்ராட்டின் உடலும் ட்ரெமலோவும் வேண்டும், ஓசை மட்டும் கிப்சன் மாதிரி வேண்டும். அப்படி ஒன்று கடையில் இல்லாததால் மலிவான உடலை வாங்கிக் குடைந்து, கிப்சன் பிக்கப்பை உள்ளே வைத்தார்.

இருவரும் ‘மேம்படுத்தவில்லை’. இருவருக்கும் ஒரு குறை இருந்தது, அதை ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரிந்திருந்தது, அந்தக் குறைக்கு மட்டும் மருந்து போட்டார்கள். ‘அப்கிரேடு’ என்ற சொல்லில் அந்தக் குறை காணாமல் போகிறது. மேலே போக வேண்டும் என்பது மட்டும் மிஞ்சுகிறது. எதற்கு மேலே என்று கேட்டால் விலைப்பட்டியல்தான் பதில்.

பிக்கப் மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதிக சத்தத்தில் பிக்கப் கீச்சிட்டால் மாற்றுங்கள். நம்மூர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ‘ங்ஙொய்’ தாங்கவில்லை என்றால் முதலில் உள்ளே செப்புத்தகடு ஒட்டிப் பாருங்கள், அதற்கும் அடங்காவிட்டால் ஹம்பக்கர் வாங்குங்கள்; கிப்சனில் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இந்த இரைச்சலை ஒழிக்கத்தான். ஃப்ரெட் தேய்ந்து பள்ளமானால் சரிசெய்யுங்கள். இவையெல்லாம் பெயர் சொல்லக்கூடிய குறைகள்.

ஆகவே என்னிடம் கேட்டால் வரிசை இது: கம்பி, நட், நெக் வளைவு, கம்பி உயரம். பிறகு பிக்கப் உயரம், கேபிள். பிறகு ஸ்பீக்கர். அதற்குப் பிறகும் மனசு ஆறவில்லை என்றால், எது பிடிக்கவில்லை என்று ஒரு தாளில் ஒரு வரி எழுதுங்கள். எழுத முடிந்தால் அந்தப் பாகத்தை வாங்கலாம். எழுத வரவில்லை என்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு இன்னும் ஒரு மாதம் வாசியுங்கள். தங்கை மகன் இன்னும் எழுதித் தரவில்லை. எஃப் கார்டிலிருந்து பி மைனருக்குப் போய்விட்டான்.